ஈசி (வில்லங்கச் சான்று) கிளீனா இருக்கு, ஃபார்ம் பிளாட் 12 சென்ட்... டோக்கன் போடலாமா?

ஷார்ஜா செல்வம்:

வணக்கம் மக்களே. ரொம்ப வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போற ஆளு நான், இன்னைக்குதான் முதல் தடவையா கேள்வி கேக்குறேன், நீளமா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

ஷார்ஜால 9 வருஷமா ஏசி மெக்கானிக் வேலை. வீட்டம்மாவும் பசங்க ரெண்டு பேரும் கூடுவாஞ்சேரில வாடகை வீட்ல இருக்காங்க. சீட்டு, ஓவர்டைம்னு எல்லாம் சேத்து கையில ஒரு 18 லட்சம் நிக்குது. இத வச்சு சென்னைக்குள்ள ஒரு பாத்ரூம் கூட வாங்க முடியாதுன்னு தெரியும், அதனால மதுராந்தகம் தாண்டி ஒரு ஃபார்ம் பிளாட் பாத்திருக்கோம். 12 சென்ட், சென்ட் 1,45,000, ஆக மொத்தம் 17,40,000. சுத்தி வேலி, சொட்டு நீர் பாசனம், 60 மகோகனி கன்னு அவங்களே நட்டு அஞ்சு வருஷம் பாத்துக்குவாங்களாம். அஞ்சு வருஷம் கழிச்சு வேணாம்னா அவங்களே டபுள் ரேட்டுக்கு திருப்பி எடுத்துக்குவாங்களாம், அதுக்கு தனியா அக்ரிமெண்ட் போட்டு தர்றாங்க.

போன ஞாயித்துக்கிழம வீட்டம்மா, மச்சான் எல்லாரும் அவங்க வேன்லயே போய் பாத்துட்டு வந்தாங்க. இடம் நல்லா பச்சையா இருக்கு, மண்ணு செம்மண்ணு, பக்கத்துலயே ஏரின்றதால தண்ணிக்கு பஞ்சமே இல்லன்னு மச்சான் சொல்றான். மதியம் பிரியாணி போட்டிருக்காங்க, அன்னைக்கே 50,000 டோக்கன் போட்டா 2 கிராம் தங்க காசாம். வீட்டம்மா என்னை கேக்காம போடமாட்டேன்னு சொல்லிட்டா, நல்லவேளை. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கன்னு ஏஜெண்ட் தம்பி தினமும் வாய்ஸ் நோட் போடறாரு.

ஈசி வாட்ஸப்ல அனுப்பினாரு, பாத்தேன், 2005ல இருந்து இன்னைக்கு வரைக்கும் ரெண்டே எண்ட்ரிதான், வில்லங்கம் எதுவும் இல்ல. பட்டாவும் இருக்கு. வேற என்ன பாக்கணும்? வாங்கலாமா?

மறைமலைநகர்வாசி:

தம்பி, மத்தத எல்லாம் அப்புறம் பேசலாம். நீங்க ஷார்ஜால வேலை பாக்குறீங்க, அப்போ ஃபெமான்ற அந்நிய செலாவணி சட்டப்படி நீங்க என்ஆர்ஐ. என்ஆர்ஐ இந்தியாவுல வீடு வாங்கலாம், அப்ரூவ்டு மனை வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இந்த மூணும் விலைக்கு வாங்க முடியாது. அப்பா சொத்து வாரிசா வந்தா வச்சுக்கலாம், அது வேற. ஃபார்ம் பிளாட்டுன்னு என்ன பேரு வச்சாலும் பத்திரத்துல புஞ்சைன்னுதான் வரும். மாட்டினா அந்த தொகைய போல மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. இத அந்த ஏஜெண்ட் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா?

ஷார்ஜா செல்வம்:

இல்லண்ணே, சொல்லவே இல்ல. ஆனா பத்திரம் வீட்டம்மா பேர்ல போட்டுக்கலாம்னுதான் சொன்னாரு. லேடீஸ் பேர்ல 10 லட்சத்துக்குள்ள பதிஞ்சா 1 பர்சண்ட் கம்மியாம், அதனால பத்திரத்துல 9,50,000 காட்டிட்டு மீதி 7,90,000 கேஷா குடுத்துடுங்கன்னு சொல்றாரு. எல்லாரும் இப்படிதான் பண்றாங்களாமே?

கணக்கப்பிள்ளை:

அந்த 1 பர்சண்ட் சலுகை நெஜம்தான், 2025 ஏப்ரல்ல இருந்து தமிழ்நாட்டுல இருக்கு, 10 லட்சம் மதிப்பு வரைக்கும் பெண்கள் பேர்ல பதிஞ்சா 9 பர்சண்ட்ல (7 முத்திரைத்தாள், 2 பதிவுக் கட்டணம்) ஒண்ணு குறையும். ஆனா அந்த ஏஜெண்ட் உங்களுக்கு மிச்சம் பண்ணி தரணும்னு அத சொல்லல ப்ரோ, அவங்களுக்கு கேஷ் வேணும், அதுக்கு இது ஒரு சாக்கு.

யோசிச்சு பாருங்க, உங்க காசு பூரா ஷார்ஜால இருந்து பேங்க் வழியா வர்ற வெள்ளை காசு, ஒவ்வொரு திர்ஹாமுக்கும் ரசீது இருக்கு, அத போய் ஏடிஎம்ல எடுத்து எடுத்து கறுப்பாக்கி குடுக்கணுமா? நிலம் விக்கும்போது 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்குறதே தப்பு, வாங்குனவனுக்கு வாங்குன தொகை அளவுக்கே அபராதம். அது அவன் தலவலின்னு விட்டுட்டாலும், நாளைக்கு பத்திரம் செல்லாதுன்னு ஒரு கேஸ் வந்தா நீங்க குடுத்ததா கோர்ட்ல காட்ட முடியுறது 9,50,000 மட்டும்தான். மீதி 7,90,000 காத்துல போன மாதிரி.

மனைவி பேர்ல போடறது பினாமி ஆகாது, கணக்குல இருக்குற காசா இருந்தா மனைவி, பிள்ளைங்க பேர்ல வாங்க அந்த சட்டமே விலக்கு குடுத்திருக்கு. ஆனாலும் காசு முழுக்க உங்களுது, நிலம் விவசாய நிலம், அதனால டோக்கனுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட 2000 ரூபா குடுத்து உக்காந்து பேசிடுங்க.

டபுள் ரேட்டுக்கு திருப்பி எடுக்குற கதைக்கு நான் தனியா வர்றேன்.

தங்கமகன்77:

கோல்டு வாங்குங்க ப்ரோ. வில்லங்கம், பட்டா, ஏரி எதுவும் கிடையாது.

பத்திர ஆபீஸ் பாலு:

தம்பி செல்வம், நான் செங்கல்பட்டு பக்கம் ஒரு சப் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல 22 வருஷமா பத்திரம் எழுதறவன். நீங்க எழுதினதுல எனக்கு உறுத்துனது ஃபெமாவும் இல்ல கேஷும் இல்ல. "2005ல இருந்து ரெண்டே எண்ட்ரி, வில்லங்கம் இல்ல"ன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான். இத சொல்லிட்டு கண்ணீரோட திரும்பி வந்தவங்கள எண்ணவே முடியாது, கொஞ்சம் பெரிசா எழுதறேன், பொறுமையா படிங்க.

ஈசின்றது பதிவான பத்திரங்களோட பட்டியல், அவ்ளோதான். அந்த சர்வே நம்பர்ல, அந்த தேதிக்குள்ள யார் யாருக்கு என்ன எழுதி பதிஞ்சாங்களோ அது வரும். பதியாதது எதுவும் வராது. ஒருத்தர் செத்துப் போனா அது ஈசில வராது. அவருக்கு எத்தன பிள்ளைங்கன்னு வராது. பதியாத உயிலு வராது. கோர்ட்ல பாகப்பிரிவினை கேஸ் ஓடினா பெரும்பாலும் வராது. நிலத்துல யாரோ குடிசை போட்டு இருபது வருஷமா குந்தியிருந்தா அதுவும் வராது. நிலமே ஏரி புறம்போக்கா இருந்தாலும் பழைய ஆளுங்க தைரியமா பத்திரம் போட்டிருந்தா ஈசி பளிச்சுன்னுதான் இருக்கும்.

ஒரு உதாரணம் சொல்றேன், எங்க ஆபீசுக்கே வந்த கேஸ், ஊரு பேரு வேணாம். ஒரு பெரியவர் 1974ல தன் சொந்த காசுல 2 ஏக்கர் 60 சென்ட் வாங்கினார். 1991ல உயில் எதுவும் எழுதாம போய் சேந்துட்டார். மூணு பையன், ரெண்டு பொண்ணு. 1996ல மூணு பையனும் உக்காந்து பாகப்பிரிவினை பத்திரம் போட்டு பதிஞ்சுகிட்டாங்க, அந்த பத்திரத்துல அக்கா தங்கச்சி பேரே கிடையாது, என்னவோ அந்த வீட்ல பொண்ணே பொறக்காத மாதிரி. அப்புறம் பட்டா மூணு பேர் பேருக்கு மாறுச்சு. 2018ல ஒரு பையன் ஒரு கம்பெனிக்கு பவர் (தன் சார்பா விக்குற அதிகாரம்) குடுத்தான், கம்பெனி பிளாட் போட்டு 30 பேருக்கு வித்துச்சு. 30 பேரும் 1997ல இருந்து ஈசி போட்டாங்க, கிளீன். ஒருத்தனும் 1974 பத்திரத்தையோ வாரிசு சான்றிதழையோ கேக்கல.

இப்ப அந்த பெரிய அக்காவோட பையன் வக்கீலுக்கு படிச்சுட்டு வந்து கேஸ் போட்டிருக்கான். ஜெயிக்குறது தோக்குறது அப்புறம், தடை உத்தரவு வாங்கிட்டான், 30 பேருக்கும் நிலம் முடக்கம். அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்துல பொண்ணுக்கு சம பங்குன்றது 1956 சட்டத்துலயே இருக்கு. பூர்வீக சொத்துக்கு தமிழ்நாட்டுல 1989ல கலைஞர் ஆட்சியில வந்துச்சு, அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு இல்லன்னு இருந்துச்சு, 2005ல மத்திய சட்டத்துல அந்த வித்தியாசமும் போச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட்டும் அப்பா அந்த தேதியில உயிரோட இருக்கணும்னு இல்லன்னு சொல்லிடுச்சு. (2004 டிசம்பர் 20க்கு முன்னாடி முறையா பதிஞ்ச பாகப்பிரிவினையா இருந்தா அது வேற கதை, ஆனா அப்பாவோட சொந்த சம்பாத்தியத்துக்கு அந்த கதையும் பேச முடியாது.) நிலம் சென்ட் 5000க்கு போற வரைக்கும் அண்ணனுக்கு விட்டுக்குடுத்தேன்னு அக்கா சொல்லும், சென்ட் ஒன்றரை லட்சம் ஆனதும் அக்கா சும்மா இருந்தாலும் அக்கா மருமகன் சும்மா இருக்க மாட்டாரு.

அதனால நான் யாரு வந்தாலும் முதல்ல கேக்குறது, கையெழுத்து போட்டவங்க யாருன்னு இல்ல, போட வேண்டியவங்கள்ல போடாதவங்க யாருன்னுதான். அத ஈசி சொல்லாது. தாய்ப்பத்திரம் (நிலத்தோட பழைய மூலப் பத்திரம்), இறப்பு சான்று, வாரிசு சான்று மூணையும் பக்கத்துல வச்சு விரல் விட்டு எண்ணுனாதான் தெரியும்.

இப்ப உங்க ஈசிக்கு வருவோம். எந்த சர்வே நம்பருக்கு போட்டு குடுத்திருக்கார்னு பாருங்க. 118/2பி3ன்ற மாதிரி உட்பிரிவு நம்பரா? அந்த உட்பிரிவே போன வருஷம்தான் பிறந்திருக்கும், அதுக்கு ஈசி போட்டா என்ன வரும்? பிறந்த குழந்தைக்கு பழைய கடன் இருக்குமா? 118/2க்கும் போடணும், 118/2பிக்கும் போடணும், அதுக்கும் முன்னாடி பழைய சர்வே நம்பர் வேற இருந்தா அதுக்கும் போடணும். 30 வருஷம் குறைஞ்சபட்சம், முடிஞ்சா இன்னும் பின்னாடி. பதிவுத்துறை சைட்ல பாக்குறதுக்கு காசே கிடையாது, ஷார்ஜால உக்காந்துகிட்டே நீங்களே பாக்கலாம், ஏஜெண்ட் அனுப்புற பிடிஎஃப்ப நம்பாதீங்க.

அந்த ரெண்டு எண்ட்ரி என்னென்னன்னு எழுதுங்க, பாப்போம்.

ஷார்ஜா செல்வம்:

பாலு அண்ணே, படிச்சுட்டு வயித்த கலக்குது. ஈசி எடுத்து பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியேதான், உட்பிரிவு நம்பருக்கு மட்டும் போட்டிருக்கு. ரெண்டு எண்ட்ரில ஒண்ணு 2009 பாகப்பிரிவினை, நாலு பேர் பேர் இருக்கு, நாலும் ஆம்பள பேரு. இன்னொண்ணு 2022ல பொது அதிகாரப் பத்திரம், நாலு பேரும் கம்பெனி பார்ட்னர் ஒருத்தருக்கு குடுத்திருக்காங்க. அப்போ கம்பெனிக்கு நிலம் சொந்தம் இல்லையா? ப்ரோஷர்ல "எங்கள் சொந்த நிலம்"னு போட்டிருக்காங்க.

பத்திர ஆபீஸ் பாலு:

சொந்தம் இல்ல. பவர்னா ஓனர் சார்பா கையெழுத்து போடற உரிமை, அவ்ளோதான். பவரே சொத்த மாத்தி குடுக்காதுன்னு 2011லயே சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. குடுத்தவர் செத்தா பவரும் சாதாரணமா அன்னையோட சரி. நாலு பேர்ல ஒருத்தர் போன மாசம் தவறியிருந்தா என்ன பண்ணுவீங்க? அதுக்காகத்தான் பத்திரம் பதியும்போது பவர் குடுத்தவர் உயிரோட இருக்கார்னு டாக்டர்கிட்ட ஆயுள் சான்று வாங்கிட்டு வர சொல்றாங்க, அதையும் போலியா கொண்டு வர்ற மகராசனுங்க இருக்காங்க. நாலு பேரையும் நேர்ல வந்து கையெழுத்து போட சொல்லுங்க. முடியாதுன்னு சொன்னா அதுவே உங்களுக்கு பதில்.

நாலும் ஆம்பள பேருன்னீங்களே, அதுதான் எனக்கு இடிக்குது. நாலு பையன் இருக்குற வீட்ல ஒரு பொண்ணு கூட இல்லாம இருக்கலாம், இல்லன்னு சொல்லல. வாரிசு சான்று கேளுங்க.

கல்நட்டவன்:

நானும் அந்த வேன்ல போனவன்தான் சார், அதனால சொல்றேன். 2009, அப்ப பிரியாணி இல்ல, தயிர் சாதமும் உருளக்கிழங்கும். தங்க காசு இல்ல, வெள்ளி குங்குமச்சிமிழ். பஞ்சாயத்து அப்ரூவல்னு சொன்னாங்க, பஞ்சாயத்து தலைவர் சீல் வச்ச ஒரு லேஅவுட் மேப்ப காட்டுனாங்க, மனைப்பிரிவுக்கு அப்ரூவல் குடுக்குற அதிகாரம் பஞ்சாயத்து தலைவருக்கு கிடையாது, அரசோட நகரமைப்பு அமைப்புங்களான டிடிசிபியோ சிஎம்டிஏவோதான் குடுக்கணும்னு எனக்கு அன்னைக்கு யாரு சொன்னா. ரெண்டு மனை வாங்கினேன், வீட்டுக்காரி வளையலும் அதுல போச்சு.

ஏழு வருஷம் ஒண்ணும் பண்ணாம வச்சிருந்தேன். 2016ல பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு ஒண்ண வித்துடலாம்னு ஆள் பாத்து, அட்வான்சும் வாங்கிட்டேன், செப்டம்பர் 9 ஹைகோர்ட் உத்தரவு வந்துச்சு, அப்ரூவல் இல்லாத மனை எதையும் பதியக்கூடாதுன்னு. அட்வான்ஸ் குடுத்தவர் தினமும் வீட்டு வாசல்ல. வட்டிக்கு வாங்கி திருப்பி குடுத்தேன். அப்புறம் 2017ல அப்ரூவல் இல்லாத மனைகள முறைப்படுத்துற வரன்முறை திட்டம் வந்துச்சு, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிஞ்ச மனைன்றதால எனக்கு தகுதி இருந்துச்சு, கட்டணம் கட்டி அலையோ அலைன்னு அலைஞ்சு வாங்கினேன். சரி பிரச்சன தீந்துச்சுன்னு 2019ல பையன கூட்டிட்டு இடத்த பாக்க போறேன்.

கல்லைக் காணோம். நாலு மூலைக்கும் நான் நின்னு மஞ்சள் குங்குமம் வச்சு நட்ட கல்லு சார், ஒண்ணு கூட இல்ல. மனையில ஒரு மாடு கட்டியிருக்கு, வைக்கோல் போர் வேற. இது யாருதுன்னு கேட்டா ஒரு பெரியம்மா வந்து "இங்க எல்லாம் யாருக்கும் மனை கிடையாது, இது எங்க மாமனார் நிலம், நீ எந்த கம்பெனி ஆளு"ன்னு என்னையே கேக்குது. சர்வேயருக்கு பணம் கட்டி அளக்க வச்சப்பதான் தெரிஞ்சது, லேஅவுட் மேப்ல இருக்குற 30 அடி ரோடு நெஜத்துல 14 அடிதான் இருக்கு, மேப் போட்டவன் பக்கத்து நிலத்துலயும் சேத்து ரோடு வரைஞ்சிருக்கான், அதனால என் மனை ஒண்ணு பாதி அந்த பெரியம்மா பட்டாவுல நிக்குது. ரோட்ட பஞ்சாயத்துக்கு தானமா எழுதியும் குடுக்கல. கம்பெனி ஆபீஸ் இருந்த இடத்துல இப்ப டைல்ஸ் கடை.

ஒரு மனை தப்பிச்சது, அத போன வருஷம் வித்துட்டேன். இன்னொண்ணுல மாடு மாறியிருக்கு, பழைய மாடு இல்ல.

உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு சார், ஆன்லைன்ல புலப்படம் (நிலத்தோட அளவு போட்ட வரைபடம்) கிடைக்கும், அத டவுன்லோடு பண்ணி டேப்ப எடுத்துட்டு போய் ஊர் ஆளு யாரையாவது கூட வச்சுகிட்டு அளந்து பாருங்க, வேன்ல வந்த கம்பெனி ஆள வச்சு இல்ல. பத்திரத்துல சென்ட், பட்டாவுல ஏர்ஸ், மேப்ல மீட்டர்னு இருக்கும், அந்த குழப்பத்துலயே அர சென்ட் ஒரு சென்ட் காணாம போகும். 1 ஏர்ஸுன்னா 2.47 சென்ட்.

ஓரகடம் ராஜா:

எல்லாரும் சேந்து மனுஷன பயமுறுத்தாதீங்கப்பா. நான் 2013ல ஓரகடம் பக்கம் டிடிசிபி மனை 10 லட்சத்துக்கு வாங்கினேன், இப்ப 22 லட்சத்துக்கு கேக்குறாங்க. பயந்தவன் எவனும் மண்ணுல காசு பாத்ததில்ல. நிலம் போட்டா குட்டி போடும்.

கணக்கப்பிள்ளை:

ராஜா சார், உங்களுது அப்ரூவ்டு மனை, நல்லா பாத்து வாங்கியிருக்கீங்க, சந்தோஷம். ஆனா குட்டி எவ்ளோ பெரிசுன்னு பாத்தீங்களா? பத்திர செலவு, புரோக்கர், கல்லு, வேலின்னு சேத்தா உங்க அடக்கம் குறைஞ்சது 11 லட்சம் வரும். 11 வந்து 22 ஆக 12 வருஷம். காசு டபுளாக எத்தன வருஷமோ அதால 72ஐ வகுத்தா வருஷ வட்டி சுமாரா வரும், 72ஐ 12ஆல வகுங்க, வருஷத்துக்கு 6 பர்சண்ட். அதே காலத்துல பிபிஎஃப் (அரசோட சேமநிதி சேமிப்பு) வட்டி 7.1க்கு கீழ போகவே இல்ல, 2013ல 8.7 இருந்துச்சு. இதுல விக்கும்போது வரி வேற இருக்கு.

ஓரகடம் ராஜா:

பிபிஎஃப்ல வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல போட விடுவானா? நிலம்னா தேவைன்னா அடமானம் வைக்கலாம். அதுவும் இல்லாம பேங்க்ல இருந்தா நான் எப்பவோ எடுத்து செலவு பண்ணியிருப்பேன், அது நெஜம்.

கணக்கப்பிள்ளை:

கடைசில சொன்னீங்க பாருங்க, அத ஒத்துக்கறேன். நம்மாளுங்களுக்கு நிலம் ஒரு உண்டியல், உடைக்க கஷ்டம்ன்றதாலயே காசு தங்குது. ஆனா உடைக்க கஷ்டம்ன்றது அவசரத்துக்கும் சேத்துதான். ஆஸ்பத்திரி செலவுன்னு வந்தா அர சென்ட்ட வித்து கட்ட முடியாது. செல்வம் ப்ரோ 18 லட்சத்துல 17,40,000ஐ ஒரே இடத்துல போட போறாரு, பத்திர செலவுக்கே மீதி பத்தாது, கல்ஃப் வேலை, நாளைக்கு கம்பெனி திடீர்னு டிக்கெட் போட்டு அனுப்பிட்டா கையில என்ன இருக்கும்?

சரி, அந்த டபுள் ரேட் கதை. அஞ்சு வருஷத்துல டபுள்னா வருஷத்துக்கு 14 பர்சண்ட்டுக்கு மேல. மகோகனி அஞ்சு வருஷத்துல விறகு மாதிரிதான் இருக்கும், அதனால மரம் வித்து அந்த காசு வராது. அடுத்து வர்றவன்கிட்ட வாங்கி முந்துனவனுக்கு குடுத்தாதான் உண்டு. இது புதுசும் இல்ல. 90கள்ல தேக்கு மரத்துல போடுங்க, 20 வருஷத்துல லட்சாதிபதின்னு ஊரெல்லாம் விளம்பரம் ஓடுச்சு, அப்பா தலைமுறைல கேட்டு பாருங்க, யாராவது ஒருத்தர் ரசீத இன்னும் பத்திரமா வச்சிருப்பாங்க. அந்த கூத்துக்கு அப்புறம்தான் 1999ல முதலீட்டு சந்தைய கண்காணிக்கிற செபி இந்த மாதிரி கூட்டு முதலீட்டு திட்டங்களுக்கு விதி போட்டுச்சு. அதுக்கு அப்புறமும் பிஏசிஎல்னு ஒரு கம்பெனி விவசாய நிலம் தர்றோம்னு கோடிக்கணக்கான பேர்கிட்ட வாங்கி, 2014ல செபி 49,100 கோடி திருப்பி குடுன்னு உத்தரவு போட்டு, 2016ல சுப்ரீம் கோர்ட், ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி லோதா தலைமைல கமிட்டி வச்சும் ஜனங்க வருஷக்கணக்கா அலைஞ்சாங்க. எல்லார் கையிலயும் ஒரு பேப்பர் இருந்துச்சு ப்ரோ. பேப்பர் குடுக்குறவன் அஞ்சு வருஷம் கழிச்சு அதே ஷட்டர திறந்து வச்சிருப்பானான்றதுதான் கேள்வி.

இன்னொண்ணு, இது அப்ரூவ்டு மனையா இருந்தா ரெராவுல (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இருக்கும், 500 சதுர மீட்டருக்கு மேல பிரிச்சு வித்தாலே பதியணும், பதிவு செஞ்ச அக்ரிமெண்ட் இல்லாம 10 பர்சண்ட்டுக்கு மேல வாங்க கூடாது, தப்பு பண்ணா போய் முறையிட ஒரு இடம் இருக்கு. விவசாய நிலம்னு சொல்லி விக்குறதே அந்த வேலிய தாண்டத்தான். உங்களுக்கு சொல்ற வேலி வேற.

மறைமலைநகர்வாசி:

பக்கத்துலயே ஏரின்னு மச்சான் சந்தோஷப்பட்டார்னு எழுதியிருக்கீங்களே, நான் அத படிச்சதுல இருந்து யோசிச்சுட்டே இருக்கேன். எவ்ளோ பக்கத்துல? ஏரிக்கரைக்கு வெளிப்பக்கமா, உள்பக்கமா? சித்திரை மாசத்துல ஏரி வத்தி கிடக்கும்போது பாத்தா உள்வாய் எது பட்டா நிலம் எதுன்னே தெரியாது, புல்லு முளைச்சு அழகா இருக்கும். ஏரி காத்த ராமர் ஊர்ல ஏரிக்குள்ளயே பிளாட் போட்டா அந்த ராமரே வந்தாலும் காப்பாத்த முடியாது.

2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மொட்டை மாடில நின்னவங்கள கேளுங்க. வெயில் காலத்துல பாத்து வாங்குன வீடுங்க நிறைய.

அரசோட இ-சேவை சைட்ல அ-பதிவேடுன்னு ஒண்ணு இருக்கு, சர்வே நம்பர் போட்டா அந்த நிலத்தோட வகைப்பாடு வரும். ஏரி உள்வாய், ஓடை, வாய்க்கால், மேய்க்கால், தீர்வை ஏற்படாத தரிசு, அனாதீனம் இப்படி எது வந்தாலும் ஓடிடுங்க. உங்க மாவட்டம் பழைய செங்கல்பட்டு ஜில்லா, அங்க பஞ்சமி நிலமும் நிறைய, 1892ல வெள்ளைக்காரன் காலத்துல ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்குன்னு ஒதுக்குனது, அத அவங்க அல்லாத வேற யாரும் வாங்க முடியாது, எத்தன கை மாறி வந்திருந்தாலும் செல்லாது. செல்லக் கூடாதுதான், அந்த ஜனங்ககிட்ட இருந்து ஏமாத்தி புடுங்குனது எவ்ளோன்னு கணக்கே இல்ல. கோயில் நிலமா இருந்தா அது இன்னொரு தலவலி.

ஷார்ஜா செல்வம்:

அண்ணன்களுக்கு நன்றி, ரெண்டு நாளா ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் இதுதான் வேலை. கேட்டதெல்லாம் ஏஜெண்ட்கிட்ட கேட்டேன். நடந்தத அப்படியே எழுதறேன்.

தாய்ப்பத்திரம் கேட்டேன், டோக்கன் போட்டாதான் காட்டுவோம், அது கம்பெனி பாலிசின்னாரு. சரி டோக்கன் போட்டுட்டு பாத்து பிடிக்கலன்னா திருப்பி தருவீங்களான்னேன், டோக்கன் திருப்பி கிடையாது சார், நான்-ரிஃபண்டபிள், ஆனா வேற ப்ராஜெக்ட்டுக்கு மாத்திக்கலாம்னாரு. நாலு ஓனரும் நேர்ல வருவாங்களான்னேன், அவங்க எல்லாம் வயசானவங்க சார், எதுக்கு அலைய விடணும்னாரு. வாரிசு சான்று கேட்டதும் குரலே மாறிடுச்சு, "சார், 40 பிளாட் வித்திருக்கோம், டாக்டர், வக்கீல் எல்லாம் வாங்கியிருக்காங்க, யாரும் இவ்ளோ கேக்கல, உங்க பிளாட்டுக்கு இன்னொரு பார்ட்டி வெயிட்டிங்"ன்னு வச்சுட்டாரு.

அ-பதிவேடு பாத்தேன், உட்பிரிவுல புறம்போக்குன்னு எதுவும் வரல, புஞ்சைன்னுதான் இருக்கு. தாய் சர்வே நம்பருக்கு ஈசி போட்டேன் பாலு அண்ணே, 1995ல இருந்து 11 எண்ட்ரி வருது. அதுல 2014ல ஒரு விடுதலைப் பத்திரம் (பங்க விட்டுக்குடுக்குற பத்திரம்) இருக்கு, ஒரு லேடி பேரு, நாலு பேருக்கும் எழுதி குடுத்த மாதிரி. அப்போ அக்கா கையெழுத்து வாங்கியிருக்காங்கன்னு அர்த்தமா? நல்லதுதானே?

பத்திர ஆபீஸ் பாலு:

பாதி நல்லது. முதல்ல யோசிங்க, 2009ல பாகம் பிரிச்சவங்க 2014ல எதுக்கு ஒரு பொண்ணுகிட்ட விடுதலை எழுதி வாங்கணும்? 2009ல அவங்கள விட்டுட்டாங்க, அப்புறம் யாரோ கேட்டதும் வாங்கியிருக்காங்க. அந்த ஒரு பொண்ணு மட்டும்தானா இன்னும் இருக்காங்களா? விடுதலைப் பத்திரத்தோட நகல் ஆன்லைன்லயே மனு போட்டு எடுக்கலாம், அதுல குடும்ப விவரம் எழுதியிருப்பாங்க, "எனது உடன்பிறந்த சகோதர சகோதரிகள்"னு எழுதியிருந்தா "சகோதரிகள்"ன்ற வார்த்தைய நல்லா உத்து பாருங்க.

அப்புறம் வீட்டம்மாவையும் மச்சானையும் வேன் இல்லாம, பஸ் புடிச்சு அந்த ஊருக்கு ஒரு தடவ போக சொல்லுங்க. வார நாள்ல. கம்பெனி ஆளுங்க இல்லாத நேரம். ஒரு டீ குடிச்சுட்டு வரட்டும்.

ஷார்ஜா செல்வம்:

போயிட்டு வந்தாங்கண்ணே, இன்னைக்கு காலையில. மதுராந்தகத்துல இருந்து டவுன் பஸ் புடிச்சு போயிருக்காங்க. ஊர் முனையில டீக்கடை, மச்சான் டீ சொல்லிட்டு அந்த ஃபார்ம் பிளாட்டு எப்படி போகணும்னு ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டிருக்கான். டீ மாஸ்டர் திரும்பி கூட பாக்காம கேட்டாராம்: "ஏரி பக்கமா, கேஸ் நடக்குற பக்கமா?"

பத்திர ஆபீஸ் பாலு:

கேஸ் யார் போட்டதுன்னு கேட்டீங்களா? பேர் தெரிஞ்சா இ-கோர்ட்ஸ் சைட்ல மதுராந்தகம் கோர்ட்ட செலக்ட் பண்ணி அந்த பேர்ல தேடுங்க, சர்வே நம்பர் போட்டு தேட வராது.

ஷார்ஜா செல்வம்:

கேட்டானாம். சின்ன அக்கா.